சிஸ்டரைக் கேளுங்கள்: கீமோ போட்ட அன்று சுகர் ஏன் எகிறுகிறது?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில், ஏற்கெனவே சுகரும் உள்ளவர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். வடசென்னை அரசு மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் தினமும் என் காதில் விழுந்த கேள்விகள்தான் இவை. ஆட்களின் பெயரை விட்டுவிட்டு ஏரியா பெயரை மட்டும் போட்டிருக்கிறோம். மாத்திரை அளவு, ஊசி அளவு எல்லாம் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதை, எப்போது கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

எனக்கு 52 வயது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறேன். சுகர் 11 வருடமாக இருக்கிறது, மாத்திரைதான். இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, முதல் கீமோ ஏற்றினார்கள். மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் 132. சாயங்காலம் பார்த்தால் 386! மெஷின் கெட்டுப்போய்விட்டதா? டாக்டர் இன்சுலின் போடச் சொல்கிறார். ஒருமுறை போட்டால் சாகும்வரை விட முடியாது என்று வீட்டுக்காரர் தடுக்கிறார். புற்றுநோய் சர்க்கரையைத் தின்றுதான் வளரும், சோறே தொடாதே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் இருந்து இரண்டு சப்பாத்தியும் மோரும்தான் சாப்பிடுகிறேன். எழுந்து நடந்தால் கண்ணைக் கட்டுகிறது.
— தண்டையார்பேட்டை வாசகி

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. கீமோ மருந்து ஏற்றும் முன்பு, வாந்தி வராமல் இருக்கவும் சில மருந்துகளால் அலர்ஜி வராமல் இருக்கவும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ட்ரிப்ஸோடு போய்விடுவதால் பல பேருக்கு அது உள்ளே போனதே தெரியாது. சிலருக்கு அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரையாகவும் எழுதித் தருவார்கள். இது கல்லீரலில் இருந்து சர்க்கரையை அதிகமாக ரத்தத்தில் இறக்கிவிடும். உடம்பில் இருக்கும் இன்சுலினையும் ஒழுங்காக வேலை செய்ய விடாது. காலையில் போட்டால் மதியத்துக்கு மேல் சுகர் ஏற ஆரம்பித்து, சாயங்காலமும் ராத்திரியும் உச்சிக்குப் போகும். விடிவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். உங்களுக்கு 132-ம் 386-ம் ஒரே நாளில் வந்தது இதனால்தான்.

வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மலாகத்தானே இருக்கிறது’ என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஸ்டீராய்டு உள்ளே இருக்கும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்க்க வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சாத்துக்குடி உரித்த கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையை மெஷின் கூட்டிக் காட்டும். இன்னொன்று, சுகர் ஏறுகிறதே என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விஷயத்தைச் சொன்னால் அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரே பார்ப்பார்.

இன்சுலின் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இன்சுலின் போதைப் பொருள் இல்லை. நம் உடம்பே சுரக்கிற ஒன்று போதாமல் போகும்போது வெளியில் இருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். கீமோ காலத்தில் இன்சுலின் போட்டு, சிகிச்சை முடிந்ததும் பழையபடி மாத்திரைக்கே திரும்பியவர்கள் பல பேர். அப்படியே தொடர வேண்டியவர்களும் உண்டு. 11 வருடமாகச் சுகர் இருப்பவருக்குக் கணையம் களைத்திருக்கலாம், அதற்கு ஊசி காரணம் ஆகாது. இந்தப் பயத்தாலேயே ஊசியைத் தள்ளிப்போட்டு, புண் ஆறாமல், கிருமி தொற்றி, அடுத்த கீமோ தள்ளிப்போன பெண்களை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

ஆனால் டாக்டரிடம் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: ஸ்டீராய்டு நாட்களுக்கு எத்தனை யூனிட், மற்ற நாட்களுக்கு எத்தனை யூனிட். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகும் அதே அளவைப் போட்டுக்கொண்டிருந்தால் ராத்திரியிலோ விடியற்காலையிலோ சுகர் தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடவென்று வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ‘சுகர்காரிக்குச் சர்க்கரையா’ என்று வீட்டில் யாராவது கையைப் பிடிப்பார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்து, அந்த அக்கா சொன்னது. நீங்கள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் மூளைக்கு அது வேண்டும். சோற்றை நிறுத்திப் புற்றுநோயைப் பட்டினி போட முடியாது. பட்டினி கிடப்பது நீங்கள்தான். சதை கரையும், காயம் ஆறத் தாமதமாகும், அடுத்த கீமோவைத் தாங்கத் தெம்பு இருக்காது. அதனால் சோறு சாப்பிடுங்கள். ஒரே வேளையில் குவித்துப் போட்டுக்கொள்ளாமல், அளவைக் குறைத்து ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய், கூடவே முட்டையோ பருப்போ சுண்டலோ மீனோ. மீன் விற்கிறவருக்கு நான் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறிய வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை, நெத்திலியும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் போதும். குழம்பாக வையுங்கள், நன்றாக வெந்திருக்க வேண்டும். கருவாட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், உப்பு அதிகம். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஜூஸும் வாங்கிவருவார்கள், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். கேழ்வரகு நல்லது என்று கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தாலும் சுகர் வேகமாக ஏறும்.

வாந்தி எடுத்து ஒன்றுமே இறங்காத நாள்தான் எனக்குப் பெரிய கவலை. அன்று வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற மாத்திரைகளை, சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாளில் எடுத்தால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து ஆபத்தாகிவிடலாம். சுகர் ரொம்ப ஏறாமலே அது நடக்கும் என்பதால் மெஷினைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அதனால் முதல் கீமோவுக்கு முன்பே ‘சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்களுக்கு ஒரு கீமோ முடிந்துவிட்டது, பரவாயில்லை, இரண்டாவதற்கு முன்பு கேளுங்கள். அளவு 300-க்கு மேலேயே நின்று, தாகமும் சிறுநீரும் அதிகமாகி, அசதியாகப் படுத்துவிட்டாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

இதில் ஒன்றுமே நடக்காமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கீமோவுக்கு வரும் பெண்களின் துணிப்பையில் புற்றுநோய் ஃபைல் பத்திரமாக இருக்கும். ‘சுகர் நோட்டு எங்கேம்மா?’ என்று கேட்டால் ‘அது வீட்டில், டிவி மேல’ என்பார்கள். சுகர் டாக்டரிடம் போகும்போது கீமோ ஃபைல் வீட்டில் இருக்கும். அந்த டாக்டருக்கு ஸ்டீராய்டு போடுவது தெரியாது, இந்த டாக்டருக்கு நீங்கள் போடும் மாத்திரையின் பெயர் தெரியாது. இரண்டையும் ஒரே பையில் போடுங்கள். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை விட்டு மாதக் காலண்டரில் கீமோ நாளையும் அடுத்த இரண்டு நாளையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மதியம், ராத்திரி சுகரை எழுத வைத்திருந்தார். அந்தக் காலண்டரையே சுருட்டி எடுத்துவருவார். டாக்டர் அதை மேசையில் விரித்து ஒரு நிமிடம் பார்த்தார், அடுத்த முறைக்கான இன்சுலின் அளவை அங்கேயே எழுதினார்.

மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் வைத்து இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம். கீமோவில் ரத்தம் குறைந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ அது சரியான கணக்கைக் காட்டாது. விரலில் குத்திப் பார்க்கும் அளவுகள்தான் இப்போது கைகொடுக்கும்.

அம்மாவை பெட் ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். சுகர் 248 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, பட்டினியாகக் கூட்டிப் போனது எல்லாம் வீண். ஒரு இன்சுலின் போட்டு எடுத்திருக்கக் கூடாதா?
— பெரம்பூர் வாசகர்

அலைச்சல் கஷ்டம்தான், தம்பி. ஆனால் திருப்பி அனுப்பியது சரி. அந்த ஸ்கேனில் ஏற்றும் மருந்தே கதிர்வீச்சு சேர்த்த ஒரு வகை குளுக்கோஸ். கட்டி அதை இழுத்துக்கொள்வதைத்தான் படம் காட்டுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் மருந்து கட்டிக்குள் சரியாகப் போகாது, இருக்கும் கட்டி படத்தில் மங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் 200-க்குக் கீழே இருந்தால்தான் எடுப்பார்கள். அந்த நேரத்தில் இன்சுலின் போட்டால் மருந்து தசைக்குள் போய்விடும், படம் இன்னும் கெடும்.

அடுத்த முறை நேரம் வாங்கும்போதே ‘சுகர் பேஷன்ட்’ என்று சொல்லிக் காலை நேரமாகக் கேளுங்கள். முதல் நாள் ராத்திரி மாத்திரை, அன்று காலை இன்சுலின், மெட்ஃபார்மின் ஆகியவற்றை என்ன செய்வது என்று ஸ்கேன் சென்டரிலேயே கேளுங்கள். மெட்ஃபார்மின் குடல் பகுதியைப் படத்தில் பளிச்சென்று காட்டும் என்பதால் சில இடங்களில் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினி நேரத்தில் வெறும் தண்ணீர் குடிக்கலாம். ஸ்டீராய்டு போட்ட மறுநாள் தேதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை சுகர் பாருங்கள். 200-க்கு மேல் இருந்தால் ஆட்டோ பிடிப்பதற்கு முன் போன் செய்துவிடலாம்.

அம்மாவுக்கு வாரா வாரம் பாக்லிடாக்சல் ஏற்றுகிறார்கள். இரண்டு பாதமும் மரத்துப்போய், பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறதாம். சட்டை பட்டன் போட முடியவில்லை. இதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று டாக்டரிடம் மறைக்கிறார். ஆடி மாதம் செருப்பில்லாமல் திருவொற்றியூர் அம்மன் கோயிலுக்கு நடப்பதாக வேண்டுதல் வேறு.
— வியாசர்பாடி வாசகி

முதலில் சொல்ல வேண்டியது: மறைக்கக் கூடாதும்மா. இந்த மருந்து கை கால் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். பல வருடச் சுகர் ஏற்கெனவே அதே நரம்பைத்தான் தொட்டிருக்கும். ஆரம்பத்திலேயே சொன்னால் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்ஸெடின் போன்ற மாத்திரையும் உண்டு. முற்றவிட்டால் சிகிச்சை முடிந்தும் மரத்துப்போனது மாறாமல் நின்றுவிடலாம். பட்டன் போட முடியவில்லை என்ற ஒன்றே டாக்டருக்குப் போதுமான அடையாளம், அதே வார்த்தையில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாதத்துக்கு உணர்ச்சி இல்லை என்றால் கண்தான் காவல். தினமும் ராத்திரி நீங்கள் அம்மாவின் காலை மடியில் எடுத்துவைத்து, விரல் இடுக்கு, குதிகால், நகத்தோரம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு ஏறி, ரத்தம் காய்ந்து, மூன்று நாள் ஆகியும் தெரியாமல் இருந்த பாதங்களை நான் கழுவியிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயும் செருப்பு வேண்டும். உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று தட்டிவிட்டுப் போடுங்கள். வெந்நீர் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, உங்கள் முழங்கையால் பாருங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடமே வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் செதுக்க வேண்டாம்.

வேண்டுதலைப் பற்றி. நானும் வடிவுடையம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆடி வெயிலில் கொதிக்கிற ரோட்டில் உணர்ச்சி இல்லாத பாதத்தோடு நடந்தால் தோல் கொப்பளித்தது வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். கீமோவில் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது அந்தக் கொப்பளம் ஒன்றே போதும், காலுக்கும் உயிருக்கும் ஆபத்து. செருப்புப் போட்டுக்கொண்டு வாசல்வரை போகட்டும். கோயிலுக்குள் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். நடை வேண்டுதலைச் சிகிச்சை முடிந்து, புண் எதுவும் இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கீமோ முடிந்து பத்து நாள். மனைவிக்கு ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் காட்டலாமா?
— எர்ணாவூர் வாசகர்

கூடாது. மருந்து ஏற்றிய 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணு மிகக் கீழே இருக்கும். 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் மணி என்ன என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. சுகர் இருப்பவர்களுக்கு அது இன்னும் வேகமாகப் பரவும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக ‘கீமோ பேஷன்ட், இத்தனாவது நாள், சுகரும் இருக்கு’ என்று சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைத்தாலும் மறுபடி போய்ச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் சுகர் குத்திப் பார்க்கலாமா? அந்தக் கையால் மீன் ஆயலாமா?
— ராயபுரம் வாசகி

அக்குளில் நெரிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. இன்னொரு கை இருக்கும்போது சுகர் குத்துவது, ரத்தம் எடுப்பது, பி.பி. பார்ப்பது எல்லாவற்றுக்கும் அதையே நீட்டுங்கள். இன்சுலினை வயிற்றில் போடுங்கள். அவசரத்தில் எப்போதாவது அந்தக் கையில் குத்தியிருந்தால் பயப்படவும் வேண்டாம். மீன் ஆயலாம், தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, களிம்பு வையுங்கள். அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

வீட்டு வேலை செய்து பிழைக்கிறேன். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) இரண்டும் சொல்லியிருக்கிறார்கள். மெஷினில் சுகர் பார்க்கும் ஸ்டிரிப் வாங்கவே காசில்லை. எங்கே போவது?
— கொருக்குப்பேட்டை வாசகி

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.ஹெச்.-ல் ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது மூன்றுமே உண்டு. சுகர் டாக்டர்களும் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். கீமோ நாளன்று சுகர் பிரிவுக்கும் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஒரே அலைச்சலில் முடியும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாளில் கூட்டத்தில் நிற்க முடியாது என்றால், சென்ட்ரலில் மெட்ரோ ஏறித் தண்டையார்பேட்டையில் இறங்கலாம், நடுவில் மாற வேண்டியதில்லை.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும், திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைக்குப் போங்கள். ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகி வந்தும் பெயர் சேர்க்காமலே விட்ட பெண்கள் நம் பக்கத்தில் நிறைய பேர், நோய் வந்த பிறகு அதற்காக அலைவது பெரிய கொடுமை.

சுகர் மாத்திரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள், கீமோ நடப்பதையும் சொல்லுங்கள். ஸ்டிரிப் குறைவாக இருந்தால் தினமும் காலையில் குத்தி வீணாக்காதீர்கள். கீமோ நாளும் அடுத்த இரண்டு நாளும் மதியம், ராத்திரிக்கு என்று எடுத்துவையுங்கள். உடம்பு ஒரு மாதிரி படபடக்கும் நேரத்துக்கும் இரண்டு மிச்சம் இருக்கட்டும். மற்ற நாட்களில் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.